எலெக்ட்ரா: பெயர் கெட்டுப்போன ஒரு விமானத்தின் கணக்கு

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அன்று கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக, பேசியதை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேசும்போது சில தேதிகளை விழுங்கிவிட்டேன். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். அன்று கொடுத்த சுண்டலைச் சேர்க்க வழியில்லை.

வங்கிக் குமாஸ்தாவுக்கு விமானத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் படித்தது பி.காம். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தது லெட்ஜரும் கேஷ் கவுண்டரும். விமானத்தைப் பற்றி எனக்கு இருந்த அறிவெல்லாம், நம் மொட்டை மாடியில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணுவதோடு சரி.

சென்ற ஆண்டு தூத்துக்குடியில் என் மைத்துனி வீட்டில் ஒரு விசேஷம். மகன் எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். டிக்கெட்டில் ‘ஏடிஆர்’ என்று போட்டிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது ஃபேன் வச்ச பிளேன்தானே? நேபாளத்துல விழுந்துச்சே, அதேதானே? இதை கேன்சல் பண்ணச் சொல்லுங்க, ராத்திரி கார்ல போயிடலாம்” என்றார். நேபாளத்தில் விழுந்தது உண்மைதான். 2023 ஜனவரி 15 அன்று, பொக்காராவில், 72 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை என்ன சொன்னது என்று தேடிப் படித்தேன். இறங்கும் நேரத்தில் ஒரு நெம்புகோலுக்குப் பதில் பக்கத்தில் இருந்த வேறு நெம்புகோல்களை இழுத்துவிட்டார்கள். இரண்டு ப்ரொப்பெல்லர்களும் உந்துவதை நிறுத்திவிட்டன. அதாவது ப்ரொப்பெல்லர் இருந்ததால் விழவில்லை.

அந்தத் தேடலில்தான் ‘லாக்ஹீட் எலெக்ட்ரா’ என்ற பழைய விமானத்தின் கதை கண்ணில் பட்டது. மகள் அதைப் பற்றிய ஒரு புத்தகத்தையும் வாங்கிக் கொடுத்தாள். ராபர்ட் செர்லிங் என்பவர் 1963-ல் எழுதியது. ஏடிஆரை விசாரிக்கப் போன நான், அறுபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு விமானத்தின் கணக்குப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டேன். ஏன் மாட்டிக்கொண்டேன் என்று போகப் போக உங்களுக்கே புரியும்.

முதலில் அந்த விமானம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1955-ல் அமெரிக்காவில் ஜெட் விமானம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜெட்டுக்கு நீளமான ஓடுதளம் வேண்டும், எரிபொருளையும் நிறையக் குடிக்கும். நடுத்தர தூரத்துக்கு, பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு, சிக்கனமான விமானம் ஒன்று வேண்டும் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நினைத்தது. லாக்ஹீட் நிறுவனம் செய்து தர ஒப்புக்கொண்டது. அமெரிக்கன் 35 விமானங்களுக்கும் ஈஸ்டர்ன் 40 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. 1957 டிசம்பர் 6 அன்று முதல் விமானம் கலிஃபோர்னியாவில் பறந்தது.

இது டர்போப்ராப் வகை. உள்ளே இருப்பது ஜெட்டில் இருப்பது போன்ற டர்பைன். அது முன்னால் உள்ள ப்ரொப்பெல்லரைச் சுற்றும். எலெக்ட்ராவுக்கு இப்படி நான்கு எஞ்சின், ஒவ்வொன்றும் 3,750 குதிரைத்திறன். ப்ரொப்பெல்லர்கள் பெரியவை, இறக்கை சிறியது. இறக்கையின் பெரும்பகுதி மேல் ப்ரொப்பெல்லர் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால், மெதுவாகப் போகும்போதும் நல்ல தூக்குவிசை கிடைக்கும். சின்ன ஓடுதளத்திலும் இறங்கலாம். விமானிகளுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. எஞ்சின் எப்போதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். பவர் வேண்டும் என்றால் ப்ரொப்பெல்லர் தகடுகளின் கோணம் மாறும். அதனால் கேட்ட மாத்திரத்தில் பவர் வரும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. லாக்ஹீட்காரர்களுக்குத் தங்கள் விமானங்களுக்கு நட்சத்திரப் பெயர் வைக்கும் வழக்கம். எலெக்ட்ரா என்பது நம் கார்த்திகைக் கூட்டத்தில் உள்ள ஒரு நட்சத்திரம். இதே பெயரில் 1930-களில் ஒரு சின்ன விமானமும் செய்தார்கள்; அமீலியா எர்ஹார்ட் 1937-ல் காணாமல் போனது அதில்தான். அது வேறு, நான் சொல்வது வேறு. ஜாதகம் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. பொறுங்கள்.

1959 ஜனவரியில் எலெக்ட்ரா பயணிகளை ஏற்ற ஆரம்பித்தது. பிப்ரவரி 3 அன்று, அதாவது சேவைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அமெரிக்கன் நிறுவனத்தின் எலெக்ட்ரா ஒன்று இரவில், மோசமான வானிலையில், நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் இறங்க வந்து, ஓடுதளத்துக்கு முன்பே ஈஸ்ட் ரிவர் ஆற்றில் விழுந்தது. 73 பேரில் 65 பேர் இறந்தார்கள். கேப்டன் 28,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் எலெக்ட்ராவில் அவர் பறந்தது 48 மணி நேரம்தான். உயரம் காட்டும் மீட்டரும் புது மாதிரி. வேறு கருவிகளில் கவனம் போய், உயரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது விசாரணையின் முடிவு. கம்ப்யூட்டர் வந்த புதிதில், முப்பது வருட அனுபவமுள்ள எங்கள் ஹெட் கேஷியர் முதல் வாரம் திணறியது எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்குத் தப்பிப் போனது சில வவுச்சர்கள்தான்.

இந்த விபத்தில் விமானத்தின் மேல் பழி வரவில்லை. அடுத்ததில்தான் ஆரம்பிக்கிறது.

1959 செப்டம்பர் 29, இரவு பதினொரு மணி சுமார். ப்ரானிஃப் நிறுவனத்தின் எலெக்ட்ரா ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. விமானம் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. 15,000 அடி உயரம், புயல் மழை எதுவும் குறுக்கே இல்லை. டெக்சாஸில் பஃபலோ என்ற சிறிய ஊருக்கு மேலே அது துண்டு துண்டாகப் போனது. 34 பேரும் இறந்தார்கள். இடது இறக்கை தனியாகப் போய் விழுந்திருந்தது. ஏன் பிய்ந்தது என்று விசாரணைக்காரர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெடிகுண்டு இல்லை, மோதல் இல்லை, உலோகத்தில் பழைய விரிசல் இல்லை. மாதக்கணக்கில் தேடினார்கள்.

வங்கியில் இருந்தவர்களுக்கு இந்த நிலை தெரியும். சாயங்காலம் கணக்கு டாலி ஆகவில்லை. எல்லா வவுச்சரையும் இரண்டு தரம் பார்த்தாயிற்று. வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். ஆனால் தூக்கம் வராது. ஒரே ஒரு வித்தியாசம் என்றால் அது எதுவாகவும் இருக்கலாம். அதே மாதிரி இரண்டாவது ஒன்று வந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும். எங்களுக்கு மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ 63 என்பதை 36 என்று எழுதியிருக்கிறார்கள், போய்ப் பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். வித்தியாசத்தின் தொகையிலேயே தடயம் இருக்கிறது.

இரண்டாவது வித்தியாசம் 1960 மார்ச் 17 அன்று வந்தது. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் எலெக்ட்ரா, மினியாபொலிஸிலிருந்து சிகாகோ வழியாக மயாமிக்குப் போனது. பட்டப்பகல். 18,000 அடி. இண்டியானா மாநிலத்தில் டெல் சிட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில், இந்தத் தடவை வலது இறக்கை பிய்ந்தது. இறக்கை இரண்டு மைல் தள்ளிக் கிடந்தது. உடல் பகுதி செங்குத்தாக வயலில் இறங்கிப் பள்ளமாகிவிட்டது. 63 பேரில் ஒருவரும் இல்லை. அந்தப் பகுதியில் அன்று கண்ணுக்குத் தெரியாத கடுமையான காற்றுக் கொந்தளிப்பு இருந்தது.

ஆறு மாதத்துக்குள் இரண்டு விமானம், 97 உயிர், இரண்டிலும் இறக்கை. இனிமேல் அதைத் தற்செயல் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட எலெக்ட்ராக்கள் தினமும் பறந்துகொண்டிருந்தன. என்ன செய்வது?

முடிவு எடுக்க வேண்டியவர் எல்வுட் கெஸாடா. முன்னாள் விமானப்படை ஜெனரல். அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பின் முதல் தலைவர். விபத்துகளை விசாரித்த இன்னொரு வாரியம் விமானங்களைத் தரையிறக்கச் சொன்னது. இண்டியானா செனட்டர் வான்ஸ் ஹார்ட்கீ தரையிறக்கச் சொன்னார். பத்திரிகைகள் கேட்கவே வேண்டாம். கெஸாடா மறுத்துவிட்டார். அதற்குப் பதில் வேகத்தைக் குறைத்தார். முதலில் 275 நாட், சில நாளிலேயே இன்னும் குறைத்து 225 நாட். விமானியின் மீட்டரில் மணிக்குச் சுமார் 417 கிலோமீட்டர். ஆட்டோ பைலட்டைப் பயன்படுத்தக் கூடாது என்றார். ஒவ்வொரு விமானத்தையும் பிரித்துச் சோதிக்கச் சொன்னார். மெதுவாகப் போனால் இறக்கையின் மேல் சுமை குறையும், எந்தக் காரணமாக இருந்தாலும் அது பெரிதாகாது என்பது அவர் நம்பிக்கை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். காரணம் தெரியாது. ஆனால் மக்களை ஏற்றிக்கொண்டு பறக்கலாம் என்று ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். நானாக இருந்தால் போட்டிருப்பேனா? கையெழுத்து ஒத்துப்போகாத செக்கை நான் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை. பின்னால் அது உண்மையான செக் என்றே தெரிந்தாலும், அன்று பாஸ் பண்ணியது தப்புதான். கூட்டத்தில் இதைச் சொன்னதும் சி பிளாக்கில் இருக்கும் நம் ஓய்வுபெற்ற பொறியாளர் நண்பர் மறுத்தார். “சார், அவர் கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணலை. லிமிட்டைக் குறைச்சுட்டுத்தானே பாஸ் பண்ணினார்” என்றார். அதுவும் சரிதான். ஆனாலும் அந்த விமானங்களில் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு இந்த விவரம் முழுதாகத் தெரிந்திருக்கும்? என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

கெஸாடா கொடுத்த அவகாசத்தில் லாக்ஹீட் இரவு பகலாக வேலை பார்த்தது. போட்டி நிறுவனமான போயிங்கிலிருந்தே பொறியாளர்கள் வந்து உதவினார்கள். நாசாவின் லாங்லி மையத்தில், எட்டில் ஒரு பங்கு அளவு மாதிரியைக் காற்றுக் குகையில் வைத்துச் சோதித்தார்கள். மே மாதம் விடை கிடைத்தது. விடையை நம் ஊர்ப் பம்பரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பம்பரம் நன்றாகச் சுற்றும்போது அசையாமல் நிற்கும். பம்பரம் தூங்குகிறது என்று சின்ன வயதில் சொல்வோம். பக்கத்தில் இருப்பவன் லேசாகத் தட்டிவிட்டால் தலையை ஆட்ட ஆரம்பிக்கும். சுற்றிக்கொண்டே தலை ஒரு வட்டம் போடும். ப்ரொப்பெல்லரும் ஒரு பெரிய பம்பரம்தான். அது சுற்றும் அச்சு எஞ்சினோடு சேர்ந்து இறக்கையில் பிடிமானம் போட்டு மாட்டியிருக்கிறது. பிடிமானம் இறுக்கமாக இருந்தால், காற்று தட்டினாலும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அடங்கிவிடும். பிடிமானம் எங்காவது தளர்ந்திருந்தால் அடங்காது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். இதற்கு ‘வேர்ல் மோட்’ என்று பெயர். சுழல் தள்ளாட்டம் என்று சொல்லலாம்.

அது மட்டும் என்றால் எஞ்சினோடு போயிருக்கும். ஆட்டம் ஆரம்பிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை என்று வேகமாக இருக்கும். பெரிதாகப் பெரிதாக மெதுவாகி, நொடிக்கு மூன்று தடவை என்ற அளவுக்கு வரும். எலெக்ட்ராவின் இறக்கைக்கும் இயல்பாக ஆடும் தாளம் ஏறக்குறைய அதே மூன்று. ஊஞ்சல் தள்ளியவர்களுக்குத் தெரியும். சரியான நேரத்தில் தொட்டால் போதும், குழந்தை கூட பெரியவரை ஆட்டிவிடும். எஞ்சின் இறக்கையை அந்தத் தாளத்தில் தள்ளிவிட, அரை நிமிடத்துக்குள் இறக்கை முறிந்துவிடும்.

இதில் எனக்கு வருத்தம் தந்த விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தள்ளாட்டத்தைப் பற்றி 1938-லேயே இரண்டு பேர் கணக்குப் போட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து விமானங்களில் அது வந்ததே இல்லை. அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை. எலெக்ட்ராவைச் சோதித்தபோதும் பிடிமானம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார்கள். நன்றாக இருக்கும்வரை தள்ளாட்டம் வரவே வராது. அந்தக் கணக்கு சரி. பிடிமானத்தில் ஒரு பாகம் உடைந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. ஆடிட் வந்தவர் எல்லா செக்கையும் பார்த்துவிட்டு, பெட்டகத்தின் இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருப்பதைக் கவனிக்காமல் போன கதை.

காரணம் தெரிந்ததும் லாக்ஹீட் தட்டிக் கழிக்கவில்லை. எஞ்சின் பிடிமானங்களையும் எஞ்சின் கூட்டையும் பலப்படுத்தி, இறக்கையின் தகடுகளைத் தடிமனாக்கி, விற்ற விமானங்களை எல்லாம் திரும்ப வாங்கித் தன் செலவிலேயே சரி செய்தது. செலவு சுமார் இரண்டரைக் கோடி டாலர், 1960-ன் டாலரில். 1961 ஜனவரி தொடக்கத்தில், திருத்தப்பட்ட விமானங்களுக்கு வேகக் கட்டுப்பாடு நீங்கியது. அதற்குப் பிறகு ஒரு எலெக்ட்ராகூட இந்தக் காரணத்தால் விழவில்லை.

ஆனால் மக்களுக்கு அது போதவில்லை. ஏன் போதும்? திருத்த வேலை நடந்துகொண்டிருந்த 1960 அக்டோபர் 4 அன்று, பாஸ்டன் விமான நிலையத்தில் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் எலெக்ட்ரா ஒன்று மேலே எழும்பி ஒரு நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது. 72 பேரில் 62 பேர் இறந்தார்கள். எலெக்ட்ரா மறுபடியும் விழுந்தது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் இதில் இறக்கைக்குச் சம்பந்தமில்லை. மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் குருவிகள் கூட்டமாக எஞ்சின்களுக்குள் போய்விட்டன. நான்கில் மூன்று எஞ்சின் பாதிக்கப்பட்டது. அதுவும் மேலே ஏறும் நேரத்தில். எஞ்சினில் கிடைத்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ராக்ஸி லேபோர்ன் என்ற அம்மையார் பார்த்து, எந்தப் பறவை என்று சொன்னார். பறவை மோதலை இறகை வைத்துத் துப்புத் துலக்கும் வேலை அவரிடமிருந்துதான் தொடங்கியது. விமான எஞ்சின்கள் பறவையை விழுங்கினால் தாங்குமா என்ற சோதனைகளும் இந்த விபத்துக்குப் பிறகுதான் தீவிரமாயின. ஆக, அங்கே இறந்த 62 பேரும் இன்றைக்கு நாம் ஏறும் ஒவ்வொரு விமானத்தின் எஞ்சினிலும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1961 செப்டம்பர் 17, சிகாகோ: நார்த்வெஸ்ட் எலெக்ட்ரா புறப்பட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய் விழுந்து 37 பேர் பலி. பழுது பார்த்தவர்கள், விமானத்தைத் திருப்பும் கம்பி வடத்தின் இணைப்பில் ஒரு சின்னப் பாதுகாப்புக் கம்பியைத் திரும்பக் கட்டாமல் விட்டிருந்தார்கள். 1968-ல் டெக்சாஸில் ப்ரானிஃப் எலெக்ட்ரா இடிமேகத்துக்குள் புகுந்து, திரும்பும்போது உடைந்து 85 பேர். 1971 டிசம்பர் 24, பெரு: லான்சா நிறுவனத்தின் எலெக்ட்ரா இடி மின்னலுக்குள் போய் அமேசான் காட்டுக்கு மேலே சிதறியது. 92 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். யூலியானா கெப்கே, 17 வயதுப் பெண். இருக்கையோடு சேர்ந்து சுமார் மூன்று கிலோமீட்டர் கீழே விழுந்து, காயத்தோடு ஓடை வழியே பதினோரு நாள் நடந்து ஆட்களைக் கண்டுபிடித்தார். பிற்பாடு அவர் உயிரியலாளர் ஆனார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதில் அவர் அப்பா சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. காட்டில் வழி தவறினால் தண்ணீர் ஓடும் திசையில் போ, மனிதர்கள் இருப்பார்கள்.

கடைசியாக ரீனோ. இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1985 ஜனவரி 21, நள்ளிரவு. அமெரிக்காவின் ரீனோ நகரிலிருந்து ஒரு எலெக்ட்ரா புறப்பட்டது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வெளியிலிருந்து காற்று கொடுக்கும் குழாய் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன மூடி உண்டு. தரைப் பணியாளர்கள் அதைச் சரியாக மூடவில்லை. மேலே எழும்பியதும் காற்று அதில் அடித்து விமானமே அதிர்ந்தது. எலெக்ட்ரா, அதிர்வு. அந்த விமானத்தில் இந்த இரண்டு வார்த்தைகளும் சேர்ந்தால் விமானிக்கு என்ன நினைப்பு வந்திருக்கும் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நான்கு எஞ்சின்களின் பவரையும் சேர்த்தே குறைத்தார்கள். வேகம் விழுந்துகொண்டே போனதை இருவரும் கவனிக்கவில்லை. 71 பேரில் ஒரு பதினேழு வயதுப் பையன் மட்டும் பிழைத்தான். அந்த மூடியோடு அப்படியே பறந்து ஒரு வட்டம் போட்டு இறங்கியிருக்கலாம்.

இப்படிப் பத்தியாக எழுதிப் பார்த்தால் எலெக்ட்ரா சவப்பெட்டி போலத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் தொகையும் பெரிது. ஆனால் வெறும் கூட்டுத்தொகையைப் பார்த்து ஒரு அக்கவுண்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே என்ன விவரம் எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். உயரம் தவறியது, குருவி, கட்டாத கம்பி, இடிமேகம், மூடாத மூடி. விமானத்தின் வடிவமைப்பிலேயே இருந்த குற்றத்துக்கு எழுத வேண்டியவை இரண்டே இரண்டு: டெக்சாஸும் இண்டியானாவும்.

மறுபக்கத்து வரவையும் எழுத வேண்டும் அல்லவா? பிரேசிலில் வாரிக் நிறுவனம் எலெக்ட்ராக்களை 1962-லிருந்து 1992 வரை பறக்கவிட்டது. ரியோவுக்கும் சாவோ பாலோவுக்கும் இடையே, டவுன் பஸ் மாதிரி. ரியோவில் சாந்தோஸ் டுமோன் விமான நிலையம் கடலை ஒட்டி இருக்கிறது. ஓடுதளம் ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தண்ணீர். அப்படிப்பட்ட இடத்தில் முப்பது வருடம் ஓட்டி ஒரு பயணியைக்கூட இழக்கவில்லை. அங்கே எலெக்ட்ரா என்றால் பிரியம். கடைசி விமானம் நின்றபோது ஊரே வருந்தியது. நமக்குப் பக்கத்தில், 1960-களின் தொடக்கத்தில் ஏர் சிலோன் நிறுவனமும் டச்சுக்காரர்களின் கே.எல்.எம்.மிடமிருந்து குத்தகைக்கு எடுத்த எலெக்ட்ராவில் கொழும்பிலிருந்து லண்டனுக்குப் பயணிகளை அனுப்பியது. அலாஸ்காவில் 1983-ல் ஒரு எலெக்ட்ராவின் ப்ரொப்பெல்லர் ஒன்று பறக்கும்போதே கழன்று, விமானத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கட்டுப்பாட்டு வடங்கள் இறுகிவிட்டன. ஆனாலும் ஆங்கரேஜில் இறக்கி 15 பேரையும் காப்பாற்றினார்கள். பலவீனமான விமானம் என்று பெயர் வாங்கியதுதான் அப்படித் தாங்கியது. அமெரிக்கக் கடற்படையின் ஓரியான் கண்காணிப்பு விமானம் இதே எலெக்ட்ராவின் உடன்பிறப்பு. 700-க்கு மேல் செய்தார்கள். கனடாவில் பழைய எலெக்ட்ராக்கள் காட்டுத்தீயின் மேல் மருந்து கொட்டும் வேலைக்கு இன்னும் பல காலம் போயின; மலை இடுக்கில் தாழ்வாகப் பறந்து, பாரத்தை இறக்கிவிட்டுச் சட்டென்று மேலே ஏற வேண்டிய வேலை.

ஆனால் விற்பனை திரும்பவே இல்லை. 170 விமானங்களோடு 1961-ல் உற்பத்தி நின்றது. பயந்த பயணிகள் ஒரு காரணம். போயிங் 707 போன்ற ஜெட்டுகள் அதற்குள் வந்துவிட்டது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கார்த்திகை நட்சத்திரத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை என்று மட்டும் ஜாதக நண்பர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் தூத்துக்குடி டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். எலெக்ட்ராவுக்குப் பிறகு விதியையே மாற்றிவிட்டார்கள். ப்ரொப்பெல்லர் வைத்த எந்தப் பெரிய பயணிகள் விமானத்துக்கும், எஞ்சினைத் தாங்கும் பாகங்களில் ஏதாவது ஒன்று உடைந்தால்கூடச் சுழல் தள்ளாட்டம் வராது என்று நிரூபித்தால்தான் அனுமதி. ஏடிஆரும் அந்தப் பரீட்சையில் தேறித்தான் வந்திருக்கிறது. 1960-ல் யாரும் கேட்காத கேள்வியை இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். இதை என் மனைவியிடம் பம்பரம், ஊஞ்சல் எல்லாம் சொல்லி விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தக் குருவி விஷயத்துக்கு என்ன செஞ்சிருக்காங்க?” என்றார். அதையும் சொன்னேன். அப்புறம், ராத்திரி எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் தூக்கக் கலக்கத்தில் ஒரு டிரைவரை நம்பி நெடுஞ்சாலையில் போவதைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அதற்குப் பதில் இல்லை.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. ஜன்னல் இருக்கையில் அவர் உட்கார்ந்தார். இறக்கைக்குக் கீழே எஞ்சின் நேராகத் தெரிந்தது. திருச்சி தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு தூங்கிவிட்டார். நான்தான் தூத்துக்குடி வரை அந்த எஞ்சின் ஆடுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.